'டிக்' சத்தம் எங்கிருந்து வருகிறது? கப்சாயின் மின்சுற்றும் என்ஜின் போல்ட்டும்

மாணவர்களே, இப்படி ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். அப்பா வேலைக்குக் கிளம்புகிறார். கப்சாயில் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. ஹாரனை அழுத்தினால் ஒலிக்கிறது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் சுழலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேட்டரி கோங் ஆகிவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். புதிய பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே 'டிக்'.

பேட்டரி கெட்டிருந்தால் ஹாரன் எப்படி ஒலித்தது? பேட்டரி நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டர் ஏன் சுழலவில்லை? படிவம் ஐந்தில் இயற்பியல் படிப்பவர்கள் இந்த இடத்திலேயே பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்கலாம். இதற்குத் தேவையான விதி உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

ஓம் விதிதான் அது. மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வரும் விடை. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே ஓர் இணைப்பில் துரு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துருவின் மின்தடை வெறும் 0.2 ஓம். ஹாரனுக்கு ஏறக்குறைய 1.5 ஆம்பியர் போதும். 1.5-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.3 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் 0.3 வோல்ட் மட்டுமே வழியில் தொலைகிறது. ஹாரனுக்கு அது தெரியவே தெரியாது.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் கதை வேறு. அசையாமல் நிற்கும் நிலையிலிருந்து என்ஜினைச் சுழற்றத் தொடங்கும் அந்தக் கணத்தில் அது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நின்ற நிலையில் அதன் மின்தடையும் 0.2 ஓம் என்றும், பேட்டரியின் உள்தடை 0.05 ஓம் என்றும் கொள்வோம். துரு இல்லாவிட்டால் மொத்தத் தடை 0.25 ஓம், 12.6 வோல்ட் பேட்டரி 50 ஆம்பியர் தரும். துரு சேர்ந்ததும் மொத்தத் தடை 0.45 ஓம் ஆகிறது; மின்னோட்டம் 28 ஆம்பியராகக் குறைகிறது. ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 5.6 வோல்ட். அதே 5.6 வோல்ட் துருப்பிடித்த இணைப்பில் வீணாகிறது. பாதி உணவை வழியிலேயே ஒருவன் தின்றுவிட்ட மாதிரி.

வீணான மின்னாற்றல் எங்கே போகும்? வெப்பமாக மாறும். 28 ஆம்பியர், 5.6 வோல்ட் என்றால் 150 வாட்டுக்கும் மேல். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஓர் இணைப்பில் இவ்வளவு வெப்பம்! அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்டார்ட்டரைச் சில முறை அழுத்திவிட்டு, கருவி எதுவும் எடுக்காமல், இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்த 'டிக்' சத்தமோ ரிலேயுடையது. ரிலேயின் கம்பிச்சுருளுக்குச் சிறிதளவு மின்னோட்டம் போதும். ஆகவே அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து, கதவைத் திறந்துவிட்டு நிற்கிறது. உள்ளே வர வேண்டிய மின்னோட்டம்தான் வரவில்லை.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருள் அல்ல. செம்பனைத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு, குடியிருப்பிலிருந்து தொழிற்சாலை இரவு வேலைக்கு, அதிகாலையில் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு என்று எத்தனையோ குடும்பங்களின் வருமானம் அந்த இரண்டு சக்கரங்களில்தான் ஓடுகிறது. 16 வயதானால் பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால் உங்களில் சிலரும் விரைவில் ஓட்டப் போகிறீர்கள். சர்வீஸ் என்று கடைக்குக் கொண்டுபோனால் என்ஜின் எண்ணெய் மாற்றுவார்கள், சங்கிலியை இறுக்குவார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதோடு சரி. கேட்டால்தான் பார்க்கும் இரண்டு விஷயங்கள் உண்டு: ஒன்று மின்சுற்று, மற்றொன்று என்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள். இந்த இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில் பேட்டரி. கப்சாயில் இருப்பது பெரும்பாலும் ஈய அமில பேட்டரி. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறையும் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் மூன்று நிலைகளில் அளந்து பார்க்க வேண்டும். கடையில் பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மூன்றிலும் பயன் குறைந்தது.

வண்டி சில மணி நேரம் ஓடாமல் இருந்தபின் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருப்பது நல்லது. 12.4 என்றால் முக்கால்வாசி மின்னேற்றம். 12 வோல்ட்டுக்கு அருகே வந்துவிட்டால் பேட்டரி ஏறக்குறைய காலி. '12 வோல்ட் பேட்டரி, மீட்டரில் 12 வோல்ட், எல்லாம் சரி' என்று நினைப்பது பலருக்கும் வரும் தவறு. இரண்டாவது அளவு, ஸ்டார்ட்டரை அழுத்தியபடியே பேட்டரி முனைகளில் எடுப்பது. அப்போது மின்னழுத்தம் சரிவது இயல்பு. பத்து வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அதன் உள்தடை கூடிவிட்டது என்று பொருள். பேட்டரி முனையில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனாலும் ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. வழியில் தேட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஓர் அளவை எடுத்திருந்தால் புதிய பேட்டரிக்கான காசு மிச்சமாகியிருக்கும்!

மூன்றாவது, என்ஜின் ஓடும்போது. கொஞ்சம் முறுக்கி வேகத்தைக் கூட்டினால் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மின்னேற்றம் நடக்கிறது. அசையாமல் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் ஜெனரேட்டரோ ரெகுலேட்டரோ சரியில்லை. 15-ஐத் தாண்டினால் இன்னும் மோசம். பேட்டரியில் உள்ள நீர் சிதைந்து வாயுவாகிவிடும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகும்.

இந்த ஜெனரேட்டர் 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின் நேரடி வாரிசு. என்ஜின் சுழல்தண்டின் முனையில் காந்தங்கள் பதித்த ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதன் நடுவே அசையாத கம்பிச்சுருள். காந்தப்புலம் சுருளை வெட்டிச் செல்லச் செல்ல மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. அதை நேர்திசையாக மாற்றி, அளவு மீறாமல் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். அதன் முதுகில் இருக்கும் உலோகச் செதில்கள் அழகுக்கு இல்லை. கூடுதல் ஆற்றலை அது வெப்பமாக வெளியேற்றுகிறது. காற்று படாத இடத்தில் அதை ஒளித்து வைத்தால் சீக்கிரமே செத்துவிடும்.

பழைய கப்சாய் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல பழைய மாடல்களில் முன்விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. ஜெனரேட்டரின் மாறுதிசை மின்னோட்டத்திலேயே நேராக எரிகிறது. அதனால்தான் சந்திப்பில் நிற்கும்போது மங்கலாகவும், முறுக்கினால் பிரகாசமாகவும் தெரிகிறது. என்ஜினை நிறுத்தினால் முன்விளக்கு அணைந்துவிடும். அது கோளாறு இல்லை; அந்த வண்டியின் அமைப்பே அப்படி. ஆனால், பேட்டரியில் எரிய வேண்டிய சிக்னல் விளக்கும் பிரேக் விளக்கும் அதேபோல் மங்கினால் அது கோளாறுதான்.

மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். எதிரே வருபவருக்கும் சந்திலிருந்து வெளியேறும் காருக்கும் நாம் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. இதன் பொருள், நம் வண்டிகளின் விளக்குச் சுற்று ஓடும் நேரமெல்லாம் வேலை செய்கிறது. பல்பைப் பிடித்திருக்கும் சாக்கெட், கைப்பிடியில் உள்ள சுவிட்ச், நடுவே வரும் பிளாஸ்டிக் இணைப்பிகள் எல்லாம் வெப்பத்தில் நாளெல்லாம் கிடக்கின்றன. சர்வீஸின்போது விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இணைப்பியைக் கழற்றி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, ஓரம் உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் அங்கே பல நாளாக யாரோ ஆம்பியரைத் தின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் இளைஞர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 35 வாட் பல்பு இருக்கும் இடத்தில் 55 வாட் பல்பைப் போடுவது நம் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. கணக்குப் போடுங்கள். 35-ஐ 12-ஆல் வகுத்தால் 2.9 ஆம்பியர். 55-ஐ வகுத்தால் 4.6 ஆம்பியர். 'ஒன்றரை மடங்குதானே' என்று தோன்றும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த மெல்லிய வயர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. போதாதென்று கைப்பேசி சார்ஜர், வண்ண எல்.இ.டி. பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் வயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி இணைக்கிறார்கள். நம் வெயிலில் அந்த டேப்பின் பசை சில மாதங்களில் இளகி நழுவிவிடும். பிறகு செம்பு வெளியே தெரியும், மழை வரும்.

பியூஸ் பற்றி ஒரே வார்த்தை. அது அடிக்கடி எரிந்தால் எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் பியூஸோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ வைத்தால் அடுத்து எரிவது வயராகத்தான் இருக்கும். அதற்கு மேலே பெட்ரோல் தொட்டியோ இருக்கையோ இருக்கிறது.

சரி, துரு எப்படி உள்ளே நுழைகிறது? நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். கிழக்குக்கரையில் பருவமழைக் காலத்தைக் கேட்கவே வேண்டாம். வயரின் செம்பு இழைகளுக்கிடையே ஈரம் ஏறினால் பச்சை நிறப் படிவம் உண்டாகும். பேட்டரி முனையில் வருவது வெள்ளைப் பொடி. அமில ஆவி உலோகத்தோடு வினைபுரிந்து உண்டான உப்பு. வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். வினையில் நுரை வருவதைப் பார்க்கலாம். அமிலமும் காரமும் சேரும்போது என்ன வாயு வரும் என்று உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்று, மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியாக மாட்டு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். காரணம் எளிது. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானரின் மறுமுனை தவறிச் சட்டத்தில் பட்டவுடன் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பானர் வழியாகக் குறுக்குச்சுற்றாகிவிடும். பொறி பறக்கும், ஸ்பானர் சிவக்கும். எதிர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் நடக்காது. இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில்தான் இருக்கின்றன.

'சட்டம் முழுவதும் எதிர்முனை' என்ற இந்தச் செய்தியைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ஜினுக்கு வருவோம்.

ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஏன் அதிர்கிறது? பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அதை நிறுத்தவும் விரட்டவும் விசை வேண்டும். எவ்வளவு விசை? நம் ஊரில் எங்கும் காணக்கூடிய ஹோண்டா இ.எக்ஸ்.5 என்ஜினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். சுழல்தண்டின் ஆரம் அதில் பாதி, ஏறக்குறைய 0.025 மீட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. கோண வேகம் விநாடிக்கு 628 ரேடியன். கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் முடுக்கம் கிடைக்கும்: கிட்டத்தட்ட 9,800. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கு! பிஸ்டனும் அதோடு சேர்ந்து நகரும் பகுதிகளும் 100 கிராம் என்று கொண்டால் விசை ஏறக்குறைய 980 நியூட்டன். 100 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பக்கம் தள்ளி, உடனே மறுபக்கம் இழுத்து, இப்படி விநாடிக்கு நூறு முறை செய்வதற்குச் சமம் அது.

சுழல்தண்டில் எதிர் எடை வைத்து இதைக் குறைக்கிறார்கள். ஆனால், பிஸ்டன் நேர்கோட்டில் ஆடுகிறது; எதிர் எடை வட்டத்தில் சுற்றுகிறது. ஒரு திசையில் முழுவதும் சமன்செய்தால் குறுக்குத் திசையில் புதிய ஆட்டம் வரும். ஆகவே ஒரு பகுதியைச் சமன்செய்துவிட்டு மீதியை என்ஜின் பிடிப்புகளிடம் விட்டுவிடுகிறார்கள். கப்சாயில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நீண்ட போல்ட்டுகள்தான் அந்த மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. சங்கிலி பின்னோக்கி இழுக்கும் விசையும் அவற்றின் மேல்தான். 6,000 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 360,000 முறை அந்தப் போல்ட்டுகள் அசைக்கப்படுகின்றன.

போல்ட் எப்படித் தாங்குகிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. துளைக்குள் இருக்கும் கம்பி, ஆணி மாதிரி, என்ஜினைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். நன்றாக இறுக்கப்பட்ட போல்ட் ஒரு நீட்டப்பட்ட ஸ்பிரிங். இறுக்கும்போது அது மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்க விசை இரண்டு உலோகப் பரப்புகளையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அழுத்தத்தால் வரும் உராய்வுதான் என்ஜினை நகரவிடாமல் பிடிக்கிறது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் அழுத்தம் போகும், உராய்வு போகும், பரப்புகள் வழுக்க ஆரம்பிக்கும்.

வழுக்க ஆரம்பித்தபின் நடப்பதுதான் சுவாரசியம். 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு சோதனைக் கருவியின் மூலம் இதைக் காட்டினார். போல்ட்டின் குறுக்கே, பக்கவாட்டில் பரப்புகள் முன்னும் பின்னும் வழுக்கினால், யாரும் ஸ்பானரைத் தொடாமலே நட் தானாகச் சுழன்று கழன்றுவிடும். ஒருமுறை வழுக்கத் தொடங்கினால் தளர்ச்சி மேலும் தளர்ச்சியைக் கொண்டுவரும். பிளந்த வளையம் போன்ற ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்று கடைகளில் இன்றும் நம்புகிறார்கள். இத்தகைய சோதனையில் அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நைலான் வளையம் வைத்த நட் பரவாயில்லை. ஆனால், கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட நைலான் தேய்ந்து பிடி குறையும்.

தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடிக்கக் கண் போதும், டார்ச் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. என்ஜின் ஆறிய பிறகு, சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி அல்லது கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கோடு தெரிகிறதா? இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றையொன்று உரசி, உதிர்ந்த துகள் துருவாகி வெளியே வந்த அடையாளம் அது. வாஷரைச் சுற்றிச் சாயம் உரிந்து உலோகம் மினுங்குவதும் அதே கதைதான். பிடிப்புத் தகடு சட்டத்தோடு பற்றவைக்கப்பட்ட ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். விரிசல் என்றால் வண்டியை ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். போல்ட்டை இறுக்கினால் விரிசல் மூடாது.

காலில் அதிர்வு கூடியிருக்கிறது என்று வருபவர்களின் வண்டியில் என்ஜின் போல்ட் சரியாகவே இருக்கலாம். பல கப்சாய்களில் கால் வைக்கும் கம்பி என்ஜினின் அடிப்பாகத்திலேயே நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். அது தளர்ந்தாலும் அதே உணர்வுதான். எளிதாக எட்டும் இடம் என்பதால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது. புகைக்குழாயின் பிடிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

இறுக்குவதற்கு அளவு உண்டு. முறுக்குவிசை என்பது விசையையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 100 நியூட்டன் விசை கொடுத்தால் 30 நியூட்டன் மீட்டர். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடுகிறது. மிஞ்சும் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்குக்குப் போல்ட் மிக அதிகமாக நீண்டுவிடும், அறுந்தும் போகலாம். ஆகவே உலர்ந்த மரையா, எண்ணெய் தடவியதா, எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, டார்க் ஸ்பானரால் இறுக்குவதே முறை. குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டி 'நன்றாக இறுகட்டும்' என்று தொங்கினால் மரை போய்விடும்.

எல்லா வண்டியிலும் என்ஜின் இப்படி இறுகப் பூட்டப்படுவதில்லை. ஸ்கூட்டர்களில் என்ஜினும் பின்சக்கரமும் ஒரே பாகமாக, ரப்பர் புஷ் வைத்த இணைப்பில் தொங்குகின்றன. பிரிட்டனின் நார்ட்டன் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட கமாண்டோ மோட்டார் சைக்கிளில் என்ஜினையும் பின்சக்கரத்தையும் சேர்த்து ரப்பரில் மிதக்கவிட்டார்கள். அதிர்வு ஓட்டுநருக்கு எட்டாமல் செய்வதில் அது பெயர் பெற்றது. ரப்பர் அதிர்வை விழுங்கும், உண்மைதான். ஆனால், வெப்பத்திலும் எண்ணெயிலும் அது உப்பும், வெடிக்கும், இறுகிப்போகும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்த ரப்பரைத்தான்.

உங்களுக்கு ஒத்ததிர்வு என்ற பாடம் நினைவிருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் பக்கக் கண்ணாடியில் பிம்பம் மங்கிக் கலங்கும். அதற்கு மேலே போனால் தெளிந்துவிடும். என்ஜினின் அதிர்வெண்ணும் கண்ணாடித் தண்டின் இயல்பு அதிர்வெண்ணும் அந்த வேகத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எந்த வேகத்தில் கலங்குகிறது என்பதைக் கவனித்து வைத்திருங்கள். சில மாதங்கள் கழித்து அந்த வேகம் இடம் மாறினாலோ, புதிதாக வேறொரு வேகத்தில் நடுக்கம் வந்தாலோ எங்கோ ஒரு பிடிப்பின் விறைப்பு மாறியிருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் அதிர்வுமானி இது.

இப்போது, பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. நேர்முனையிலிருந்து தடித்த வயர் ஒன்று அதற்கு வருகிறது. சுற்று முடிய வேண்டுமானால் அந்த மின்னோட்டம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். வழி எது? என்ஜினின் அலுமினிய உடல், அங்கிருந்து எர்த் வயர். அந்த எர்த் வயரைச் சட்டத்திலோ என்ஜினிலோ பூட்டியிருப்பார்கள். சட்டத்தில் பூட்டியிருந்தால், என்ஜினிலிருந்து சட்டத்துக்கு மின்னோட்டம் தாவும் இடம் பெரும்பாலும் நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே என்ஜின் போல்ட்டுகள்தான்! அங்கே துருப்பொடி உண்டானால் அது இயந்திரக் கோளாறு மட்டுமல்ல, மின்தடையும்கூட. 'டிக்' சத்தத்தைத் தேடிப் போனவர் கடைசியில் ஒரு தளர்ந்த என்ஜின் போல்ட்டில் போய் நிற்பதுண்டு. சட்டத்துக்குப் புதிதாகச் சாயம் அடித்தபின் ஸ்டார்ட்டர் சோம்பலாகிவிட்டது என்றால், எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் சாயம் இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் மின்சாரத்தைக் கடத்தாது.

இதைச் சோதிக்க அழகான ஒரு வழி இருக்கிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை என்ஜின் உடலிலும் மறு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வையுங்கள். நண்பர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். இரண்டும் ஒரே மின்முனை என்பதால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2, 0.3 வோல்ட் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் திரும்பும் பாதையில் அடைப்பு. மின்னோட்டம் ஓடாதபோது இதே இடத்தில் அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். சுமை ஏற்றாமல் அளந்த அளவு எதையும் காட்டிக்கொடுக்காது.

அதிர்வு வயர்களையும் விடுவதில்லை. ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் அதிரும் என்ஜினில் தொடங்கி அதிராத சட்டத்தில் முடிகிறது. பிடிப்பு தளர்ந்து என்ஜின் கூடுதலாக ஆடினால் அந்த வயர் சட்டத்தின் விளிம்பில் உரசி உரசித் தோல் தேயும். தேய்ந்த செம்பு சட்டத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று. ஆடி ஆடி இழைகள் உள்ளுக்குள்ளேயே முறிந்தால் விட்டுவிட்டு வரும் கோளாறு. இரண்டாவது ரகம்தான் மெக்கானிக்குகளின் தூக்கத்தைக் கெடுப்பது. வெளியே தோல் நன்றாக இருக்கும், கடையில் எல்லாம் எரியும், இருட்டான தோட்டப் பாதையில் போகும்போது ஒரு குழியில் இறங்கியவுடன் விளக்கு அணையும். எதிரே லாரி வருகிறதா, மாடு நிற்கிறதா என்று தெரியாத அந்த இரண்டு விநாடிகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது.

எனவே சர்வீஸுக்கு விடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குது? என்ஜின் போல்ட்டையும் டார்க் வெச்சுப் பார்த்திட்டீங்களா?" நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், சொல்லித்தரவே செய்வார். இறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை வெள்ளைச் சாயத்தால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். கோடு ஒரே நேராக இருக்கும்வரை போல்ட் திரும்பவில்லை. உடைந்து விலகியிருந்தால் திரும்பிவிட்டது. வாரம் ஒருமுறை வண்டி கழுவும் தம்பி தங்கையே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வண்டி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். திறந்த வெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினைத் தானாக ஓடவிடுங்கள். முறுக்கைத் தொடாமல் கைப்பிடியை இடது பக்கம் முழுவதும், பிறகு வலது பக்கம் முழுவதும் மெதுவாகத் திருப்புங்கள். விளக்கு சிமிட்டினாலோ ஹாரன் தானாக ஒலித்தாலோ என்ஜின் நின்றாலோ, கழுத்துப் பகுதியில் வளைந்து நிமிரும் வயர்க்கட்டுக்குள் ஏதோ ஓர் இழை முறிந்திருக்கிறது. என்ஜின் வேகம் கூடினால் வயர் இல்லை, முறுக்குக் கேபிள் இழுபடுகிறது. கேபிளின் பாதையைச் சரிசெய்ய வேண்டும். எந்தப் பக்கம் திருப்பும்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.